கடுகு எழுத்து

ராமராஜனின் திரையை எட்டிப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். “இந்தக் கடுகு எழுத்த எப்படிப்பா படிக்கிற?” கறுப்புப் பின்னணி. அதன் மேல் மஞ்சளும் பச்சையும் வெளிர்நீலமுமாக எறும்பு ஊர்கிற மாதிரி வரிகள். பக்கத்து நாற்காலி வரத் கொஞ்ச நேரம் பார்த்தாலே தலையைப் பிடித்துக்கொள்வான். “அண்ணனுக்குக் கழுகுக் கண்ணுப்பா” என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். ராமராஜன் சிரித்து வைப்பான். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் என்ன இருந்தது என்பது அவனையும் சென்னையில் ஒரு கண் டாக்டரையும் தவிர ஒருவருக்கும் தெரியாது.

அவனுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. ஒரே நாளில் விளக்கணைத்த மாதிரி போகிற வியாதி இல்லை. ஓரத்திலிருந்து அரித்துக்கொண்டே வருகிற வியாதி. நடுவில் மட்டும் ஒரு வட்டம் மிச்சமிருந்தது. அதற்குள் எல்லாம் பளிச்சென்று தெரியும், ஊசியில் நூல்கூடக் கோத்துவிடுவான். வட்டத்துக்கு வெளியே யானை நின்றாலும் தெரியாது. அட, கண் தெரியாதவனுக்குப் பெரிய எழுத்துதானே வேண்டும் என்று உலகத்துக்கு ஒரு நினைப்பு! அவனுக்கு நேர்மாறு. எழுத்தைப் பெரிதாக்கினால் வட்டத்துக்குள் ஒரு சொல்தான் அடங்கும். கடுகாக்கினால் நாலு வரி அடங்கும்.

வாலாஜாபாத்தில் அரிசி மில்லில் மூட்டை தூக்கிய துரைக்கண்ணுவின் மகன் அவன். அம்மா கங்கையம்மாள் தன் சொந்தத் தாய்மாமனைக் கட்டிக்கொண்டவள். அந்தத் தாய்மாமன்தான் துரைக்கண்ணு. சொந்தம் விட்டுப் போகக் கூடாது என்று பெரியவர்கள் சேர்ந்து நடத்திய கல்யாணம். பையன் சின்ன வயதிலிருந்தே பொழுது சாய்ந்தால் சாக்கடையில் கால் விடுவான், கட்டிப் போட்ட எருமை மேல் போய் மோதுவான். “மாலைக்கண்ணு, வேற ஒண்ணுமில்ல” என்று அம்மா முருங்கைக்கீரையாக ஆக்கிப் போட்டாள். கீரை தின்றே வளர்ந்தான், காஞ்சிபுரத்தில் காலேஜ் படித்தான், வேலைக்கும் வந்துவிட்டான். எருமை மட்டும் குறுக்கே வருவதை நிறுத்தவில்லை.

சென்னை ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்துப் பார்த்த டாக்டர் முதலில் கேட்டது கண்ணைப் பற்றி இல்லை. “உங்க அப்பா அம்மா சொந்தமா?” என்று கேட்டார். சொன்னான். அவர் பேனாவை மூடி வைத்தார். “இதுக்கு மருந்து இல்லப்பா. இருக்கிற வரைக்கும் வெச்சுக்க. நீயும் சொந்தத்துல மட்டும் கட்டிக்காத.” எழுதிக் கொடுத்த சீட்டை பஸ் ஸ்டாண்டிலேயே கிழித்துப் போட்டுவிட்டு வீடு வந்து சேர்ந்தான். சீட்டு வீட்டுக்குள் வந்தால் அம்மா யாரிடமாவது காட்டிப் படிக்கச் சொல்லுவாள். விஷயம் தெரிந்தால், நான்தான் என் பிள்ளை கண்ணைக் கெடுத்தேன் என்று தலையில் அடித்துக்கொண்டே செத்துப்போவாள். அதை அவனால் தாங்க முடியாது.

அவள் என்னடாவென்றால் தன் தம்பி மகளை அவனுக்குக் கட்டிவைப்பதிலேயே குறியாக இருந்தாள். “வேணாம்மா” என்பான். “ஏன் வேணாம்?” என்று மல்லுக்கு நிற்பாள். “எவளையாவது பார்த்து வெச்சிருக்கியா? அதயாவது வாயத் தொறந்து சொல்லித் தொலையேன்பா” என்பாள். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவான்.

காந்தி ரோட்டில் ஒரு பட்டுச் சேலைக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது ஆபீஸ். முதலாளி யதிராஜன் சின்னக் காஞ்சிபுரத்துக்காரர். அமெரிக்காவில் சில வருஷம் குப்பை கொட்டிவிட்டுத் திரும்பி, வெளிநாட்டு வேலைகளை இங்கே வாங்கிச் செய்துகொண்டிருந்தார். எல்லாம் பெர்ல், பிஹெச்பி மாதிரி ஸ்கிரிப்ட் மொழிகளில் எழுதுகிற வேலை. மற்ற இடங்களில் திருட்டு சிடி போட்டு ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், இவர் காசு கொடுத்து ஐடிஇ வாங்கிப் போட்டிருந்தார். நிரல் எழுத, ஓட்டிப் பார்க்க, தப்பைத் தேடிப் பிடிக்க என்று எல்லாவற்றையும் ஒரே ஜன்னலுக்குள் வைத்துத் தருகிற மென்பொருள் அது.

மற்றவர்களுக்கு அது வசதி. ராமராஜனுக்கு ஊன்றுகோல். அதில் ஒவ்வொன்றையும் தனக்காகத் திருத்தி வைத்திருந்தான். நீளமான நிரலை மடித்து ஒற்றை வரியாக்கிவிடலாம். வேண்டியதை மட்டும் பிரித்து, வட்டத்துக்குள் வைத்துப் படிப்பான். ஓர் அடைப்புக்குறியில் நின்றுகொண்டு ஒரு சாவியைத் தட்டினால் அதன் ஜோடிக்குத் தானே தாவும், தேட வேண்டாம். இரண்டு எழுத்து அடித்தால் மிச்சச் சொல்லை அதுவே நீட்டும். ஓடுகிற நிரலை எந்த வரியில் வேண்டுமானாலும் நிறுத்தி வைத்து, ஒவ்வொரு அடியாக நகர்த்தி, உள்ளே எதற்கு என்ன மதிப்பு இருக்கிறது என்று பார்க்கலாம். அதைக் காட்டுகிற சின்னப் பெட்டி வழக்கமாகத் திரையின் கீழ் மூலையில் கிடக்கும், அதை இழுத்து நடுவில் போட்டுக்கொண்டான். மௌஸைத் தொடவே மாட்டான். அம்புக்குறி எங்கே போனது என்று தேடி அலைய அவனால் ஆகாது. விரல்கள் பறக்கும். பார்க்கிறவன் கழுகுக் கண் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வான்?

ஒரே ஒரு இடத்தில் அவன் பாச்சா பலிக்கவில்லை. எழுதி முடித்த நிரலை, சேர்த்தவர் பெயரோடு, கம்ப்யூட்டரில் உள்ள பொதுக் கிடங்கில் சேர்க்கிற செக்-இன் ஜன்னல் வெள்ளை வெளேரென்று எழும்பும். நிறத்தை மாற்ற வழி இல்லை. வெள்ளை பட்டால் அவனுக்குக் கண் கூசித் தண்ணீர் கொட்டும். அதை மட்டும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிரேஸிடம் தள்ளிவிடுவான். “கொஞ்சம் செக்-இன் பண்ணிடும்மா.” அவள் தன் பெயரிலேயே போட்டுவிடுவாள். ராமண்ணாவுக்கு அந்த வேலையில் சோம்பல் என்று நினைத்துக்கொண்டாள்.

கிரேஸ் அப்பா இல்லாத பெண். அம்மா பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை. தம்பி பாலிடெக்னிக்கில் படித்தான். அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது இவள் சம்பளத்தில்தான். வாலாஜாபாத் பஸ்ஸில் ராமராஜனுக்கு முன்னால் உள்ள நிறுத்தத்தில் இறங்குவாள். சாயங்காலம் ஆபீஸிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது அவள் முன்னால் போவாள், அவன் நாலடி பின்னால் வருவான். அவள் வெளிர் நிற துப்பட்டாதான் போடுவாள். காந்தி ரோட்டில் சேலை வாங்க வந்த கூட்டம், தள்ளுவண்டி, மாடு, சைக்கிள் எல்லாவற்றுக்கும் நடுவில் அந்த வெளிர் நிறத்தை வட்டத்துக்குள் வைத்துக்கொண்டே அவன் நடந்துவிடுவான். அது இல்லாத நாளில் பஸ் ஸ்டாண்டு போய்ச் சேருவதற்குள் உயிர் போய் உயிர் வரும். அண்ணன் மாதிரி துணைக்கு வருகிறார் என்று அவள் நினைத்தாள். ஊர் என்ன நினைத்தது என்று கேட்பானேன்!

2005 ஐப்பசி. மழை விட்டபாடில்லை. ஐடிஇக்குப் புதிய பதிப்பு வந்தது. யதிராஜன் எல்லா கம்ப்யூட்டரிலும் போடச் சொன்னார். ராமராஜன் பழைய பதிப்பைத் தடவித் தடவிக் கற்றவன். வீட்டுக்குள் யாரோ பெஞ்சை நகர்த்திப் போட்ட மாதிரி இருந்தது அவனுக்கு.

அப்போது அவன் பார்த்துக்கொண்டிருந்தது இங்கிலாந்தில் ஒரு வேன் கம்பெனியின் வேலை. சிறுநீரகம் கெட்டுப்போன கிழவர் கிழவிகளை வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய், ரத்தம் சுத்தம் செய்து முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். எந்த வேன் யாரை எங்கே ஏற்ற வேண்டும் என்று தினமும் காலையில் பிரித்துக் கொடுப்பது இவன் எழுதிய நிரல். போகும் பயணத்துக்கு ஒரு ஃபைல், திரும்பும் பயணத்துக்கு ஒரு ஃபைல்.

போகும் ஃபைலில் ஆட்களின் பட்டியலுக்கு ‘ட்ரிப்’ என்று வைத்திருந்த பெயரைக் கொஞ்சம் விளக்கமாக மாற்ற வேண்டியிருந்தது. பெயர் மாற்றும் பெட்டியைத் திறந்து, புதுப் பெயரை அடித்தான். பழைய பதிப்பில் அந்தப் பெட்டி திறந்திருக்கிற ஃபைலை மட்டும்தான் தொடும். புதியதில் வலது ஓரத்தில் ஒரு கட்டம் கூடியிருந்தது: எல்லா ஃபைலிலும் மாற்று. அதில் முன்கூட்டியே டிக் அடித்து வைத்திருந்தார்கள். வட்டத்துக்கு வெளியே இருந்தது அது. வழக்கமாக எந்தப் புதுப் பெட்டி வந்தாலும் டார்ச் அடித்துத் தேடுகிறவன் மாதிரி தலையை இடதிலிருந்து வலதுக்கு மெல்லத் திருப்பி முழுக்கப் பார்ப்பான். அன்று வெளியே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. இருட்டிவிட்டால் துப்பட்டாகூடத் தெரியாது. அந்தப் பதைப்பில் என்டரைத் தட்டிவிட்டான்.

“செக்-இன் பண்ணிடும்மா.”

கிரேஸ் திறந்து பார்த்தாள். “இன்னாண்ணா, நிறைய ஃபைல் வருதே?”

“நேத்து மாத்தினதும் சேர்ந்து வரும். போட்டுடு, பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு.”

அவள் போட்டுவிட்டாள்.

வேறு மொழியாக இருந்தால் ஓடுவதற்கு முன்னாலேயே எங்கேயாவது தடுத்து நிறுத்தியிருக்கும். ஸ்கிரிப்ட் மொழிக்கு அந்த அக்கறை எல்லாம் கிடையாது. திரும்பும் பயணத்து ஃபைலிலும் பெயர் மாறிவிட்டது. ஆனால் அதற்கு வேண்டிய பட்டியல் வேன் கம்பெனியிலிருந்து பழைய ‘ட்ரிப்’ என்ற பெயரில்தான் வந்தது, புதுப் பெயரில் அங்கே எதுவும் இல்லை. எதுவும் இல்லாததை வெறுமையாக எடுத்துக்கொண்டு நிரல் ஒரு முனகலும் இல்லாமல் ஓடி முடித்தது. மறுநாள் காலையில் வேன்கள் எல்லோரையும் சரியாகக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் இறக்கின. திரும்பக் கூட்டிவர ஒரு வேனும் போகவில்லை. ஊசி குத்திய கையோடு, அந்தக் குளிரில், கிழவர்களும் கிழவிகளும் ஆஸ்பத்திரி வாசலில் இருட்டும் வரை உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கிழவி மயங்கி விழுந்து மறுபடியும் உள்ளே சேர்க்கப்பட்டாள்.

அதற்கு அடுத்த நாள் யதிராஜனுக்கு வந்த போனில் அந்தப் பக்கம் கத்தியது அறைக்கு வெளியே நின்ற வரத்துக்கே கேட்டது. யார் செய்தது, அந்த ஆள் இனி எங்கள் வேலையில் இருக்கக் கூடாது, இன்றைக்கே பெயர் வேண்டும். யதிராஜன் கிடங்கைத் திறந்து பார்த்தார். கிரேஸ் என்று இருந்தது.

கூப்பிட்டுக் கேட்டபோது அவள் ராமராஜன் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். அவன் முகம் திரைக்குள் இருந்தது. “நான்தான் சார் சரியா பார்க்கல” என்றாள். நிறைய ஃபைல் வந்தபோதே திறந்து பார்த்திருக்க வேண்டும் என்று அவள் மனசாரவே நம்பினாள். அழுதுகொண்டே சொன்னாள்.

ராமராஜனுக்கு எல்லாம் காதில் விழுந்தது. எழுந்து நின்று, சார், மாத்தினது நான், என்று சொன்னால் அடுத்த கேள்வி என்னவென்று அவனுக்குத் தெரியும். அவ்வளவு பெரிய கட்டம் எப்படிய்யா தெரியாமல் போச்சு? அதற்குப் பதில் சொன்னால் இந்த நாற்காலி போய்விடும். இந்த ஐடிஇயும் இந்த நாற்காலியும் போனால், கண் முழுக்கப் போகிற வரைக்கும் அவன் செய்ய வேறு வேலை கிடையாது. அப்பாவுக்கு மூட்டை தூக்கவாவது கண் இருந்தது. உட்கார்ந்தே இருந்தான். பாவி, அன்று மத்தியானம் முழுக்க உட்கார்ந்தே இருந்தான். சாயங்காலம் அந்த வெளிர் நிற துப்பட்டாவுக்குப் பின்னாலேயே நடந்து பஸ் ஏறினான். அவள் வழியெல்லாம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனாள்.

விடிந்ததும் மனசு பொறுக்கவில்லை. ஆபீஸ் திறந்த உடனே யதிராஜன் அறைக்குள் போய் நின்றான். கிரேஸும் அங்கேதான் இருந்தாள். கணக்கு முடித்து அனுப்பக் கூப்பிட்டிருந்தார்.

“சார், அத மாத்தினது நான். கிரேஸ் செக்-இன் மட்டும்தான் பண்ணுச்சு. எனக்குக் கண்ணு சரியா தெரியாது சார். ஓரத்துல இருந்த டிக்க நான் பார்க்கல.”

யதிராஜன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். வெளியே கூட்டி வந்து அவன் திரை முன்னால் நிறுத்தினார். “படி.”

படித்தான். எந்த வரியைக் காட்டினாலும் கடகடவென்று படித்தான். வேறென்ன செய்வான்? நடுவில் தெரிகிறதே!

“ஏன்டாப்பா, நான் கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தைப் படிச்சுண்டு, கண்ணு தெரியலேங்கறே?”

“நடுவுல தெரியும் சார். ஓரம் தெரியாது. ராத்திரில ஒண்ணும் தெரியாது.”

“மாலைக்கண்ணுன்னா முருங்கைக்கீரை சாப்பிடுங்கண்ணா” என்றான் வரத். பிறகு குரலைத் தாழ்த்துகிற மாதிரி தாழ்த்தி எல்லோருக்கும் கேட்கும்படி, “தினமும் பின்னாடியே போயிக்கினு இருந்தாரு, இப்ப பழியும் ஏத்துக்கறாரு. பாசம்னா இதுதான் பாசம்” என்றான்.

யதிராஜன் கெட்டவர் இல்லை. ஆனால் ராமராஜன் போனால் வேலை நின்றுவிடும், கிரேஸ் போனால் நிற்காது. நம்பாமல் இருப்பதில்தான் அவருக்கு வசதி. “நிஜம்னா நேத்தே சொல்லியிருப்பே. ராத்திரி பூரா யோசிச்சு வந்து சொல்றே. பேரை அனுப்பியாச்சு. போய் வேலையைப் பாரு” என்று உள்ளே போய்விட்டார்.

கிரேஸின் முகம் வெளுத்துப்போயிருந்தது. “எதுக்குண்ணா இப்படிப் பொய் சொல்றீங்க? வேலதான் போச்சு. இப்ப மானமும் போகணுமா? இந்தப் பேச்சு எங்க அம்மா காதுக்குப் போனா நான் என்ன சொல்லுவேன்?”

“பொய் இல்லம்மா. சத்தியமா...”

“ரெண்டு வருஷமா பக்கத்துல உட்கார்ந்துக்கினு இருந்தேன். எனக்குத் தெரியாதா?” பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கே தெரியாத அளவுக்கு அவ்வளவு பாடுபட்டு மறைத்திருந்தான். அந்தப் பாடு இப்படி வந்து முகத்தில் அறையும் என்று அவன் நினைத்தே பார்த்ததில்லை. ஓடுகிற நிரலை நிறுத்துகிற மாதிரி அந்த முந்தின நாள் மத்தியானத்தை நிறுத்தி வைக்க முடிந்தால் எழுந்து நின்றிருப்பேனே என்று மறுகி மறுகி மாய்ந்தான்.

பேச்சு வாலாஜாபாத் வரைக்கும் வந்துவிட்டது. பஸ்ஸில் வராத பேச்சா? கங்கையம்மாள் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள். “அந்த வேதக்காரப் பொண்ணுக்காகத்தான் என் தம்பி பொண்ண வேணாங்கறியா?” “இல்லம்மா” என்றான். அவள் நம்பவில்லை. அன்றைக்கும் முருங்கைக்கீரைதான். ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு எழுந்து கை கழுவினான்.

கிரேஸுக்கு வேறு எங்கேயும் வேலை கிடைக்கவில்லை என்று கேள்விப்பட்டான். சேரும்போது கொடுத்த ஒரிஜினல் சர்டிஃபிகேட்டுகளை யதிராஜன் தன் பீரோவில் வைத்திருந்தார். அது இல்லாமல் எவன் வேலை கொடுப்பான்? வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார். அவள் வருகிற அன்று எப்படியாவது உட்காரவைத்துப் பேசிவிட வேண்டும் என்று ராமராஜன் காத்திருந்தான். சென்னை டாக்டரிடம் மறுபடியும் போய்ச் சீட்டு வாங்கி வந்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். யதிராஜனிடம் காட்டினால் தன் வேலை போகும் என்று தெரியும். போகட்டும். முதலில் அவளிடம் காட்ட வேண்டும். அவள் ஒருத்தி நம்பினால் போதும் என்று இருந்தது அவனுக்கு.

அவள் வேலையும் இப்போது அவன் தலையில் விழுந்திருந்தது. ஒரு சாயங்காலம் ஒரு தப்பைத் துரத்திக்கொண்டு நிரலை அடியடியாக நகர்த்திக்கொண்டிருந்தான். வட்டத்துக்குள் கறுப்பும் மஞ்சளும் தவிர வேறு உலகம் இல்லை. பக்கத்தில் யாரோ வந்து நிற்கிற காலடி கேட்டது. வரத்தான். இப்போதெல்லாம் இப்படிப் பக்கத்தில் வந்து நின்று, “என்னண்ணா, ஆள் இல்லாம போரடிக்குதா?” என்று சீண்டுவதே அவன் பிழைப்பு. ராமராஜன் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பாமல் இருந்தான். கொஞ்ச நேரம் ஆயிற்று. காலடி போய்விட்டது. தப்பைப் பிடித்துத் திருத்தி முடித்தபோது ஜன்னலில் வெளிச்சம் குறைந்திருந்தது.

சுவரைத் தடவிக்கொண்டே படியிறங்கினான். கீழே சேலைக் கடை வாட்ச்மேன் வீரபாகு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மாடிக்கு டீ கொண்டுவந்து கொடுப்பதும் அவர்தான்.

“ஏன்பா, உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?” என்றார் எடுத்ததும்.

“என்னண்ணே?”

“அந்தக் கிரேஸ் பொண்ணு சர்டிஃபிகேட்ட வாங்கிக்கினு உன் பக்கத்துல வந்து எவ்ளோ நேரம் நின்னுக்கினு இருந்துச்சு! நான் டீ கிளாஸ் எடுக்க வந்தப்ப பார்த்தேனே. உன் கைக்குப் பக்கத்துல கைய நீட்டுச்சுப்பா. நீ திரும்பிக்கூடப் பார்க்கல. கண்ணத் தொடச்சிக்கினு எறங்கிடுச்சு. உன்னாலதான அதுக்கு இவ்ளோ பேரு கெட்டுது? ஒரு வார்த்த பேசினா வாய் வெந்தா போயிடும்?”

ராமராஜன் சட்டைப் பையைப் பிடித்துக்கொண்டான். சீட்டு அங்கேயேதான் இருந்தது. “எப்பண்ணே போச்சு? எந்தப் பக்கம் போச்சு?”

“இப்பதான்பா. ஓடினா புடிச்சிடலாம்.” வீரபாகு எழுந்து நின்று கையை நீட்டிக் காட்டினார். “அதோ, அந்தப் பக்கம்.”

ராமராஜன் தெருவைப் பார்த்துக்கொண்டே நின்றான். கடைகளில் விளக்கு போட ஆரம்பித்திருந்தார்கள். அவனுக்கு அங்கங்கே மங்கலாக நாலைந்து புள்ளிகள்தான் தெரிந்தன.

“எந்தப் பக்கம்ணே?” என்று மறுபடியும் கேட்டான்.